நேரில் கேட்க வேண்டியது

இந்துத்துவ வார இதழ் ஒன்றைத் தலை நரைக்கும்வரை நடத்திவிட்டு, கட்சி கேட்டதற்காகத் தேர்தலில் நின்ற சேஷகிரிக்கு, பிரச்சாரத்தின் நடுவே கமாலுதீன் இறந்த செய்தி வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் இருவரும் ஒரே சிறை அறையில் கிடந்தவர்கள்.

"அவர் வீட்டுத் தெரு இன்னிக்கு வேண்டாம் சார். நம்மாளுங்களே கோவிச்சுப்பாங்க" என்றார் மாவட்டச் செயலாளர்.

சேஷகிரிக்குப் பேசிப் பேசி அலுத்திருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி நடந்தார்.

கமாலுதீனின் மகள் நாற்காலி போட்டாள். "அத்தா உங்க பத்திரிகையை ஒரு வாரம்கூட விடமாட்டாங்க. எங்களைப் பத்தி நீங்க எழுதுறதைப் படிச்சிட்டு சத்தம் போடுவாங்க. பதில் எழுதுங்களேன்னா, 'ஜெயில்ல நான் காய்ச்சலா கிடந்தப்ப தூங்காம ஈரத்துணி போட்டவன். அவன்கிட்ட நேர்லதான் கேக்கணும்'பாங்க."

கமாலுதீனின் மையித்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது யாரோ அவருக்கும் இடம் விட்டார்கள். தோள் கொடுக்க உடம்பில் வலுவில்லை. கையை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டு நடந்தார்.

தெருமுனையில் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. செயலாளர் ஜீப் கதவைத் திறந்து பிடித்திருந்தார். சேஷகிரி நின்றார். கை சந்தூக்கிலிருந்து தானாக நழுவியது. கூட்டம் பள்ளிவாசல் பக்கம் திரும்பிப் போயிற்று. அவர் எந்தப் பக்கமும் காலெடுத்து வைக்கவில்லை.