பதினைந்தா, பதினேழா?

"ஆமா, இந்தச் சின்னக் காருக்கு எதுக்குப் பதினேழு இஞ்ச் வீலு?"

காரைப் பரிசோதிக்கிற ஹார்லன் சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார். யார் காதிலாவது விழுந்ததா என்று லோரெட்டா சுற்றுமுற்றும் பார்த்தாள். இருபது வருஷமாக இந்தக் கார் கிளப்பில் குப்பை கொட்டுகிறவள் அவள். மதம் பேசலாம், அரசியல் பேசலாம். வீல் அளவை மட்டும் இங்கே யாரும் பேசிவிடக் கூடாது.

அயோவாவில் ஒரு பொருட்காட்சித் திடலின் கார் நிறுத்துமிடம் அது. ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு காராக வளைத்து வளைத்து ஓட்டி நேரம் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் எல்லோரும் ஓட்டி முடித்தாயிற்று. பாக்கி வெண்டெல் ஒருவர்தான்.

வெண்டெல் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக வந்திருக்கிறார். கார், பிறந்தநாளுக்கு மனைவி டார்லா வாங்கிக் கொடுத்தது. மகள், மருமகன், பேரன், பேத்தி என்று பதினோரு பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பனியனிலும் வெண்டெலின் முகம்.

பன்னிரண்டு மணிக்குத் திடலை ஆட்டுக் கண்காட்சிக்கு விட்டாக வேண்டும். இப்போதே பத்தே முக்கால்.

"பரிசோதனை முடிஞ்சு கையெழுத்துப் போட்டாச்சுல்ல? அப்புறம் என்ன கேள்வி?" என்றாள் லோரெட்டா.

"போட்டுட்டேம்மா. கார்ல ஒரு குறையும் இல்ல, தாராளமா ஓட்டலாம். சும்மாதான் கேட்டேன். பதினஞ்சுன்னா லேசா இருக்கும், டக்குனு கெளம்பும். டயரும் சல்லிசாக் கெடைக்கும்."

போச்சு! கொடி அசைக்க வேண்டிய மிட்ச், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"யோவ் பெருசு, இன்னும் அந்தப் பதினஞ்சையே கட்டிட்டு அழறியா? பதினேழு போட்டாத்தான் ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்கும். பெரிய பிரேக் மாட்டலாம்."

"அவர் ஓட்டப்போற வேகத்துக்கு பிரேக்கே எதுக்குய்யா?"

அவ்வளவுதான். கிளப் ஆட்கள் முப்பது பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒருவன் தன் காரை ஜாக்கியில் தூக்கி, பதினைந்து இஞ்ச் வீலைக் கழற்றி உருட்டிக்கொண்டே வந்தான். இன்னொருவன் பதினேழைக் கழற்றினான். எடை பார்க்க வேண்டுமே! ஆடு நிறுக்கிற தராசை யாரோ இழுத்து வந்தார்கள்.

"நாலு பவுண்டு வித்தியாசம்! பாத்தியா?"

"தட்டுல புழுக்கை கெடக்கு. மொதல்ல அதக் கழி!"

தராசு கொடுத்த ஆட்டுக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், வாய் சும்மா இருக்கவில்லை.

"எதுக்கு வீண் சண்டை? நடுவுல பதினாறு போட்டுக்கிட்டா என்ன?"

இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தது.

லோரெட்டா காருக்கு ஓடினாள். ஹெல்மெட்டோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் வெண்டெல்.

"நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க வெண்டெல். எந்த வீல் போட்டாலும் கார் ஓடும்."

"அதெப்படி?" குறுக்கே வந்தாள் டார்லா. "விஷயம் தெரிஞ்சவங்க ஒரு முடிவுக்கு வரட்டும். வெண்டெல் செல்லம், நீ எதையும் தொடாம அப்படியே உக்காந்திரு."

சண்டை ஒருவழியாகத் தணியும். ஹார்லன் மெதுவாக, "அப்ப டயரோட பக்கச் சுவர் உயரம்?" என்பார். மறுபடி பற்றிக்கொள்ளும். மூன்று தடவை இப்படிச் செய்தார் அந்த மனிதர். லோரெட்டாவே எண்ணினாள்.

பன்னிரண்டு அடித்தது. முதல் ஆடு வந்து ஒரு கூம்பைக் கடித்துப் பார்த்தது.

பதினோரு பனியன்களும் நாற்காலியை மடக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தன. கடைசிப் பேத்தி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். லோரெட்டாவுக்குத் தாங்கவில்லை.

"நீயெல்லாம் மனுஷனாய்யா?" கூம்பு அடுக்கிக்கொண்டிருந்த ஹார்லனைப் பிடித்துக்கொண்டாள். "குடும்பமே மூணு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கு. உன் பாழாப்போன பதினஞ்சு இஞ்சுக்காக அந்த ஆளோட நாளையே கெடுத்துட்டியே! இனிமே அவர் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பாரா?"

ஹார்லன் அடுத்த கூம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வெண்டெலே நேராக வந்துகொண்டிருந்தார். நல்லா நாலு கேக்கட்டும் என்று லோரெட்டா ஒதுங்கி நின்றாள்.

வெண்டெல், ஹார்லனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உசுரக் காப்பாத்துனீங்க! என்னிக்கோ ஒரு விருந்துல விளையாட்டுக்கு ரேஸ் ஆசைன்னு சொல்லித் தொலைச்சேன். அவ நிஜமாவே காரை வாங்கி நிறுத்திட்டா. எனக்கு ஹைவேல போனாலே வேர்க்கும். வேணாம்னா அவ மனசு ஒடிஞ்சுபோயிடும். 'கார்ல ஏதாவது குறைன்னு எழுதுங்க'ன்னு கெஞ்சுனப்ப, 'பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்'னு நீங்க சொல்லவும், அவ்வளவுதான், தொலைஞ்சோம்னு நெனச்சேன்."

"நான் எங்கே பொய் சொன்னேன்? கேள்விதானே கேட்டேன்" என்றார் ஹார்லன்.

வெண்டெலின் முகம் வாடியது. "ஆனா, அடுத்த மாசத்துக்குள்ள பதினஞ்சு இஞ்ச் வீல் வாங்கிடறேன்னு டார்லா இப்பவே கெளம்பிட்டாளே!"

ஹார்லன் தாடையைச் சொறிந்தார்.

லோரெட்டா கையிலிருந்த கூம்பைக் கீழே வைத்தாள்.

"வாங்கட்டும். பதினஞ்சுல அகலம் ஏழா, எட்டான்னு நான் கேக்கறேன்."