ஐந்து டப்பா ஓட்ஸ்

ஞாயிறு மாலை ஜானகி ஸ்டீல் கட் ஓட்ஸை அரைமணி நேரம் வேகவைத்து, ஆறியதும் ஐந்து டப்பாக்களில் போட்டு ஐஸ்பெட்டியில் அடுக்கினாள்.

“என்னம்மா இது?” என்றான் மகன் புவனேந்திரன்.

“அஞ்சு நாளைக்கு உன் பசியாற. காலையில கொஞ்சம் பால் ஊத்தி சூடு பண்ணிக்கோ.”

“அப்போ தோசை?”

“இனிமே சனி, ஞாயிறு மட்டுந்தான்.”

அவன் முகம் சுருங்கியது. “இதெல்லாம் வேலைக்குப் போற பொம்பளைங்க செய்யறது லா. வீட்ல சும்மா இருக்கற உங்களுக்கு நாலு தோசை சுட என்ன கஷ்டம்?”

“இருபத்தாறு வருஷமா சுட்டாச்சு. பிடிச்சா சாப்பிடு, இல்லன்னா நீயே சுட்டுக்கோ.”

அவன் விருட்டென்று தன் அறைக்குப் போய்விட்டான்.

திங்கள் காலை ஹாரன் சத்தம் கேட்டுத்தான் கண்விழித்தான். வாசலில் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை வேன் நின்றது. அம்மா நீலச் சீருடையில், கழுத்தில் புத்தம்புது அடையாள அட்டையோடு காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐம்பத்து மூணு வயசுல உங்களுக்கு என்னம்மா வேலை?”

“குவாலிட்டி செக்கிங்,” என்று சொல்லிவிட்டு, ஜானகி வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.