ராணி வேஷம்

"ஆயிரம் வருஷ வரலாற்றுத் தப்பை இன்னிக்கு நான் திருத்தப்போறேன்!" என்று முழங்கியபடி இயக்குநர் மேக்கப் அறைக் கதவைத் தள்ளினார். அது இழுக்க வேண்டிய கதவு.

உள்ளே, கண்ணாடி முன்னால் தையல்காரி விறைத்து உட்கார்ந்திருந்தாள். 'ராணி வேஷத்துக்கு நீ அவசியம் வேணுமாம், பவுடர்கூடப் போடாம வா' என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். லீவு தர மறுத்த கடை முதலாளியிடம், "உங்க வேலையே வேணாம்" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அரண்மனைப் படம்னா நம்ம நிறத்து ஜனங்களுக்கு விசிறி வீசுற வேலைதான். என் படத்துல இந்த நிறம் சிம்மாசனத்துல உட்காரும்!" இயக்குநர் அவள் கன்னத்தைச் சுட்டிக்காட்ட, கூட வந்த நிருபர் படமெடுத்துக்கொண்டார்.

மேக்கப்காரம்மா தட்டில் எதையோ குழைத்து, அவள் கன்னத்தருகே பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தட்டோடு திரைச்சீலைக்குப் பின்னால் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

"வசனம் சொல்லிப் பாக்கட்டுமாக்கா?"

"அசையாம இரும்மா. வெளிச்சம் மாறுது."

அப்போது தயாரிப்பாளர் புயலாக நுழைந்தார். "யோவ், இந்தக் கலர்ல ராணியா? போஸ்டர்ல என்னய்யா தெரியும், பல்லு மட்டுமா?"

"இந்தக் கலர்தான் சார். இதுல துளி குறைஞ்சாலும் எனக்குப் படமே வேணாம்."

"போட்ட செட்டைப் பிரிச்சிடுவேன்!"

"பிரிங்க!"

தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தயாரிப்பாளர் அவளைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார்.

"என்னமோ பண்ணித் தொலை" என்று வெளியேறினார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துணைக்கு வந்து வெளியே காத்திருந்த அவள் அக்கா கதவிடுக்கில் எட்டிப் பார்க்க, அவளிடம் கண்ணாலேயே சொன்னாள்: ஜெயிச்சாச்சு.

"துடைக்காதம்மா, கன்னம் சிவந்துடப்போகுது" என்று மேக்கப்காரம்மா பதறினாள். கடைசியாக ஒருமுறை தட்டை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "சார், வந்து பாருங்க!"

இயக்குநர் ஓடினார். நிருபர் ஓடினார். கைதட்டல் கேட்டது. தையல்காரி எழுந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கூப்பிடுவதற்காகக் காத்து நின்றாள்.

திரை விலகியது. மேக்கப்காரம்மா தலையை நீட்டினாள்.

"நீ கிளம்பும்மா. உன் கலர் ஹீரோயினுக்கு வந்துடுச்சு."