பிப்ரவரிக்கு எத்தனை நாள்

எங்கள் அலுவலக ஊழியர் பட்டியலுக்கான புரோகிராமை நல்லசிவம் மூன்று முறை, மூன்று கணினி மொழிகளில் எழுதிவிட்டார். மூன்றிலும், பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த பியூலாவின் பெயர் மட்டும் ஏறவில்லை. பட்டியலில் இல்லாதவருக்கு அடையாள அட்டை அச்சாகாது. ஆறு வருடங்களாக அவள் ‘பார்வையாளர்’ அட்டையை மாட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள். மூன்று முறையும் அந்த மேதை, கணினி மொழியைத்தான் திட்டினார். இன்று தலையணை சைஸில் ஒரு புதுப் புத்தகத்தைத் தடவிக்கொண்டே, “இந்த மொழியையும் கத்துக்கலாமான்னு யோசிக்கிறேன். பழசெல்லாம் குப்பை” என்றார்.

பியூலா கழுத்து அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள்.

“சார், இந்த மொழியில பிப்ரவரிக்கு எத்தனை நாள்?”

நல்லசிவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொருளடக்கத்தில் தேட ஆரம்பித்தார்.