நெய்யாற்றின்கரை வரை ஆட்டம்

"பொன்னப்பண்ணே, உங்க தலையில இருக்குதது மூளையா, மரச்சீனி மாவா?"

ஷைஜுவுக்குப் பொறுமை போய்விட்டது. போகாதா பின்னே? இருபத்திரண்டு நாளாக, பாறசாலையில் ரயில் ஏறியதும் காந்தச் செஸ் போர்டை மடியில் விரித்து அந்த மனுஷருக்கு ஃபிளாங்க் ஓப்பனிங் சொல்லித் தருகிறான். நடுச் சிப்பாயைத் தொடாமல் ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளம்புகிற ஆட்டம். சொல்லித் தரச்சொல்லிக் கேட்டதும் அவர்தான்.

"முதல்ல இந்த ஓரத்துச் சிப்பாய். பின்ன குதிர. பிஷப்பை மூலையில கொண்டு வச்சு, வழிய அடைக்காம விடணும். அது தூரத்தில இருந்தே அடிக்கும்."

"மனசிலாச்சு மக்கா."

தனுவச்சபுரம் வரை அச்சுப் பிசகாமல் ஆடுவார். அமரவிளையும் தாண்டும். நெய்யாற்றின்கரை நெருங்கியதும் புத்தி எங்கோ மேயப் போய்விடும். தன் பிஷப்பின் வழியில் தன் சிப்பாயையே கொண்டு நிறுத்துவார். அப்புறம் என்ன, ராணி காலி, ராஜா காலி.

அந்தப் பெட்டியின் சீசன் டிக்கெட்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தோற்றவர் எழுந்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்த இடம்.

பொன்னப்பன் எழுந்துகொள்வார். நெய்யாற்றின்கரையில் ஏறி அவர் பக்கத்தில் வந்து நிற்கிற ரத்னபாய் உட்காருவாள். திருவனந்தபுரத்தில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறவள்.

"இன்னைக்கும் தோத்தாச்சா அண்ணா?" என்று சிரிப்பு வேறு.

பெட்டியே கூடச் சிரிக்கும். சொல்லித் தந்த ஷைஜுவுக்குத்தான் மானம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளறடை டீமோடு போட்டி. கொல்லயில் ஊர் வாசகசாலை டீமுக்கு ஷைஜு கேப்டன். நாலாவது ஆளாகப் பொன்னப்பனைச் சேர்த்திருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் காய்களை அடுக்கும்போதே சொல்லிவிட்டான்.

"அண்ணன் ஒண்ணும் நெனைக்காண்டாம். உங்களுக்குப் பதிலா நிஜினை இறக்குதேன்."

பொன்னப்பன் முகம் வாடிப்போனது. "வீட்டில பிள்ளைககிட்ட எல்லாம் சொல்லிப் போட்டேனே மக்கா."

"தெனமும் ஒரே எடத்தில தோக்குத ஆளை எப்படிக் கொண்டு போறது? நீங்களே சொல்லுங்க."

பொன்னப்பன் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினார்.

நெய்யாற்றின்கரை வந்தது. கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. பொன்னப்பன் போர்டை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கவனம் இருந்தால் எப்படி உருப்படும் என்று ஷைஜு பல்லைக் கடித்தான்.

வண்டி கிளம்பியது. பொன்னப்பன் போர்டின் மேல் குனிந்தார். இந்த முறை சிப்பாயைத் தொடவில்லை. குதிரையைத் தூக்கி நடுவில் வைத்தார். மூலையிலிருந்த பிஷப்புக்கு வழி திறந்தது. ஷைஜுவின் ராணி போனது. பாலராமபுரம் வருவதற்குள் செக்மேட்.

ஷைஜு சட்டப்படி எழுந்து நின்றான். வாய் மட்டும் மூடவில்லை.

"அண்ணே, இது எப்பத்தில இருந்து?"

"பண்டே களிப்பேன் மக்கா. காலேஜில கப்பு வாங்கினவனாக்கும்."

"பின்ன இத்தன நாளும் எதுக்குத் தோத்தீங்க?"

"ரத்னபாய் பகல் முழுக்க கடையில நிக்குதவ. சும்மா எழும்பிக் குடுத்தா, 'என்னைப் பாத்துப் பாவப்படாண்டாம்'ன்னு சொல்லிட்டு சீட்டில இரிக்க மாட்டா. தோத்தவன் எடம்ன்னா இரிப்பா. இன்னைக்கு அவளுக்கு லீவு போல, காணல்ல."

ஷைஜுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை நீங்கதான் களிக்கணும். நிஜின்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஆனா இவ்வளவு தெரிஞ்ச ஆளு, எங்கிட்ட எதுக்கு இந்த ஓப்பனிங்கைப் படிச்சீங்க?"

பொன்னப்பன் காய்களைப் பெட்டிக்குள் போட்டபடியே சொன்னார்.

"நடுச் சிப்பாய வச்சுத் தொடங்கினா வெட்டுக்குத்து சட்டுன்னு வந்து, அமரவிளைக்கு முன்னையே தோக்க வேண்டி வரும் மக்கா. எடத்தை வேற ஆளு பிடிச்சிருவான். இது மெதுவா போவுத ஆட்டமாக்கும், நெய்யாற்றின்கரை வரை தாங்கும்."