மூணாவது படி உடைசல்

பதினேழாவது கேள்வியில் ஜீவா மட்டும் தேறவில்லை.

வகுப்பில் பன்னிரண்டு பேர். பதினோரு பேருக்குப் பச்சை. அவனுக்குச் சிவப்பு. ஒரு வாரமாகச் சிவப்பு. மற்ற கேள்வியெல்லாம் அவனுக்கும் பச்சைதான்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம், மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் தினகரன் நடத்தும் கோடிங் வகுப்பு அது. இருபது கேள்வியும் தேறியவர்கள் பெயரை மட்டும் திங்கட்கிழமை ஒரு கம்பெனிக்கு அனுப்புவார். பெயர் போனால் இன்டர்வியூ. போகாவிட்டால் அடுத்த வருஷம்.

பயிற்சிக்கு ஒரு டூல். யாரோ எழுதி இலவசமாக விட்டது; தப்பு கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். மவுஸுக்கு அதில் வேலை கிடையாது. கறுப்பு ஸ்கிரீனில் கட்டளை தட்டினால் கேள்வி வரும். புரோகிராம் எழுதி இன்னொரு கட்டளை தட்டினால் பச்சையோ சிவப்போ காட்டும். கேள்வியும் விடையும் அவரவர் லேப்டாப்பிலேயே இறங்கியிருக்கும். நெட் வேண்டாம். யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதும் இல்லை.

விடை இருக்கும் ஃபோல்டரைத் திறக்கக் கூடாது. முதல் நாளே தினகரன் சொல்லிவிட்டார்.

"இன்னா மாமே, இன்னும் படியிலயே குந்திகினு கீற?" என்றான் பக்கத்து சீட் உலகநாதன்.

பதினேழாவது, படிக்கட்டுக் கேள்வி. ஒரு தடவைக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம். உடைந்த படியில் கால் வைக்கக் கூடாது. எத்தனை விதமாக மேலே போகலாம்? பத்துச் சோதனையில் ஒன்பது ஜீவாவுக்குச் சரியாக வந்தது. 'ஆறு படி, மூணாவது உடைசல்' என்கிற ஒன்றில்தான் இடித்தது.

"உனக்கு என்னப்பா வருது?" என்று கேட்டார் தினகரன்.

"நாலு சார்."

"அப்போ நாலு தப்பு."

"கையால போட்டுப் பார்த்தாலும் நாலுதான் சார் வருது."

"பதினோரு பேருக்கு வந்தது உனக்கு மட்டும் ஏன் வரலை? நானே ரெண்டு வருஷம் முன்னாடி போட்டு வச்சிருக்கேன். பச்சை."

"திருமழிசைல லேத் வேலைய உட்டுட்டு வந்துகீறேன் சார். அடுத்த வருஷம்னா ஊட்ல இன்னா சொல்றது?"

"அதை என்கிட்ட கேட்டா?"

ஜீவா போர்டிலிருந்து சாக்பீசை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மாடிப்படி திரும்புகிற இடத்திலிருந்து மேலே சரியாக ஆறு படி. மூன்றாவதில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டான். ஏறினான். இறங்கி, வேறு விதமாக ஏறினான். வகுப்பே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

"உள்ள போ, உள்ள போ. படில நிக்காத," என்று கண்டக்டர் குரலில் சொன்னான் உலகநாதன். எல்லோரும் சிரித்தார்கள். லாவண்யாவும் சிரித்தாள். இருபது கேள்வியையும் எல்லாருக்கும் முன்னால் முடித்தவள் அவள்.

நாலாவது தடவை ஏறிவிட்டு ஜீவா நின்றான்.

"அவ்ளோதான். வேற வழி இல்ல."

"இன்னும் ஒண்ணு கீது மாமே. தேடு."

"எங்க, நீ ஏறிக் காட்டேன்."

"எனக்கு முட்டி வலி," என்றான் உலகநாதன்.

அதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு தினகரன் பூட்ட வந்தார். லாவண்யா இரண்டாவது படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போகலையா?"

"ஆவடி டிரெயினுக்கு டைம் இருக்கு சார்."

"அந்தக் குறியை அழிச்சுட்டுப் போம்மா. கீழ்க் கடைக்காரர் கத்துவார்."

"சரி சார்," என்றாள். ஒரே தாவலில் நாலாவது படிக்குப் போனாள். தினகரன் அதைக் கவனித்துக்கொண்டு நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை. பட்டியல் தயார். முதல் பெயர் லாவண்யா, கடைசிப் பெயர் உலகநாதன். பதினோரு பெயர். அனுப்புமுன் எல்லாருடைய புரோகிராமையும் தம் மிஷினில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது தினகரன் வழக்கம். டூலைத் திறந்தார். புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றவா என்று கேட்டது. ஏற்றிக்கொண்டு ஓட்டினார்.

பதினேழில் பதினோரு சிவப்பு. ஒரே ஒரு பச்சை. ஜீவா.

மறுபடி ஓட்டினார். அதேதான்.

ஒவ்வொரு புரோகிராமாகத் திறந்தார். பதினொன்றிலும் அதே ஒரு வரி. 'ஆறு படி, மூணாவது உடைசல் என்றால் அஞ்சு.' கணக்கே இல்லை. விடை ஃபோல்டரில் இருந்த தப்பான அஞ்சை எடுத்து நேராக ஒட்டியிருந்தார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் தாம் போட்டுவைத்ததையும் திறந்தார். அதிலும் அந்த வரி இருந்தது. இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பட்டியலிலிருந்த பதினோரு பெயரையும் அடித்துவிட்டார். ஜீவா என்று எழுதினார். பிறகு வகுப்புக்குப் போனார்.

"டூல்ல விடை மாறியிருக்கு. திருத்தம் எழுதி அனுப்பினது யாரு?"

பதினோரு பேரும் தலை நிமிரவில்லை.

"நீயா ஜீவா?"

"நான் இல்ல சார். அது எப்டி அனுப்பறதுன்னே எனக்குத் தெரியாது."

தினகரன் தம் மேஜைக்குத் திரும்பினார். புதிய பதிப்போடு வந்த குறிப்பைத் திறந்து படித்தார்.

'பதினேழாவது கேள்வி. சரியான விடை நாலு. உங்கள் கோப்பில் அஞ்சு என்று இருக்கிறது. கூடப் படிக்கும் ஒருவர் படியேறிக் காட்டினார், நானும் ஏறிப் பார்த்தேன். கோப்பைத் திறந்து அஞ்சு என்று பார்த்து எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இதைத் திருத்தினால் என் பச்சை போய்விடும். திருத்திவிடுங்கள்.'

கீழே அனுப்பியவர் பெயர் இருந்தது.

லாவண்யா.