களவாணிக் கிளாஸ்

மூன்றாவது கிளாஸையும் முகர்ந்து பார்த்துவிட்டான். ஒன்றுமில்லை.

நிறம் தெரியாமல் காகிதம் சுற்றிய ஐந்து கிளாஸ்கள். மூன்றிலும் வெறும் குளிர்ச்சி. மீதி இரண்டில் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஆனாலும் முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல நிதானமாக.

மேசையைச் சுற்றி பெனடிக்ட், சாத்தப்பன், நஸ்ரின் மூன்று பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெனடிக்ட் வீட்டு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. வாய் வைக்கும் முன் மூக்கு பேச வேண்டும். முதலில் பேசும் மூக்கு அவனுடையது. கோவாவிலிருந்து சாத்தப்பன் தூக்கி வந்த கறுப்பு பீரில் கருப்பட்டி வாசம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவன். நஸ்ரின் ஷில்லாங்கில் வாங்கிய பாட்டிலைத் திறந்ததுமே, “இது தேன் போட்டது,” என்றவன். மூக்கன் என்றே பெயர் விழுந்துவிட்டது. பெங்களூரில் எங்கே புதிதாகப் பீர் காய்ச்சினாலும் மூக்கன் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஐந்தில் ஒன்று களவாணி. தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாதாரண பீரை, நல்ல பீர்களுக்கு நடுவில் பெனடிக்ட் ஒளித்து வைப்பான். அதைப் புகழ்ந்து மாட்டிக்கொண்டவர் எல்லாக் கிளாஸையும் கழுவ வேண்டும்.

அவன் இதுவரை ஒரு கிளாஸ்கூடக் கழுவியதில்லை.

இன்று ஐந்தில் இன்னொன்று, தேவா.

தேவசகாயம் காய்ச்சிய கடைசி பாட்டில். வீட்டைக் காலி செய்யும்போது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடைத்ததென்று தேவாவின் மனைவி பெனடிக்டிடம் கொடுத்தாள்.

காக்ஸ் டவுனில் தேவா வீட்டு மொட்டைமாடி. பிரியாணி அண்டாவில் கொதிக்கும் பார்லி மால்ட். குடகு ஆரஞ்சுத் தோல், இடித்த கொத்தமல்லி விதை. கீழ் வீட்டு ஆள் மாடியேறி வந்து சண்டை போட்டுவிட்டு, ஒரு கிளாஸ் குடித்துவிட்டு இறங்கிப் போவார். என்ன நாட்கள் அவை! பாட்டிலில் அடைக்கும்போது தேவா சர்க்கரையை அள்ளிப் போடுவான். திறந்தால் நுரை பீறிட்டுச் சட்டையெல்லாம் நனையும். இரண்டு பாட்டில்கள் வெடித்தே போயிருக்கின்றன.

“ஒரு கை கூடிப்போச்சுடா தேவா.”

ஒவ்வொரு தடவையும் அவன் சொல்வான். ஒவ்வொரு தடவையும் தேவா சிரிப்பான். அடுத்த தடவையும் அள்ளித்தான் போடுவான்.

கொரோனாவில் தேவா போய்விட்டான். அதே கொரோனா மூக்கனின் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. தேவா போனது எல்லாருக்கும் தெரியும். மூக்கு போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சளி என்றான். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். சில மாதம் வராமலே இருந்தான்.

இன்று வாசலிலேயே நஸ்ரின் சொல்லிவிட்டாள். “இன்னிக்கு மட்டும் சளின்னு சொல்லிடாத மூக்கா.”

பெயர் போனால் போய்த் தொலையட்டும். தேவாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்திருக்கிறார்கள். யாரென்று தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

கண்ணைத் திறந்தான்.

பெனடிக்டின் பார்வை மூன்றாவது கிளாஸில் போய் நின்று, சட்டென்று விலகியது.

அது போதும்.

மூன்றாவதைக் கையில் எடுத்தான். “இதான்,” என்றான்.

பிறகு பேச ஆரம்பித்தான். ஆரஞ்சுத் தோலில் வெள்ளை நாரை தேவா சரியாகச் சுரண்டவில்லை, அந்தக் கசப்பு அடியில் இருக்கிறது என்றான். கொத்தமல்லி விதை லேசாக வறுபட்டது என்றான். அண்டா அடிப்பிடித்த வாசம்கூட வருகிறது என்றான். ஒன்றும் பொய்யில்லை. எல்லாம் அவனுக்குள் அப்படியே இருந்தது.

பேசி முடித்தான்.

சாத்தப்பன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

நஸ்ரின் மூக்கன் கையிலிருந்து கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள். “ஆமா. தேவாவேதான்.”

சாத்தப்பனும் வாங்கிக் குடித்தான். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றாலும் மறுத்துப் பேசுகிற ஆள். “ஆரஞ்சு நல்லா தெரியுது,” என்றான்.

பெனடிக்ட் கடைசியாகக் குடித்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

கிளாஸ் திரும்பவும் அவனிடமே வந்தது. மற்ற நான்கையும் அவர்கள் மூவரும் குடித்து முடித்தார்கள். அவன் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் குளிர்ச்சி. அவ்வளவுதான் தெரிந்தது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

எப்போதும் கடைசியில் பெனடிக்ட் காகிதங்களைப் பிரிப்பான். எதில் எது இருந்ததென்று பாட்டில்களைக் கொண்டுவந்து காட்டுவான்.

இன்று பிரிக்கவில்லை. கிளாஸ்களை அள்ளிக்கொண்டு எழுந்து போனான். சாத்தப்பனும் போனான். நஸ்ரினும் போனாள்.

சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கடைசிக் கிளாஸை எடுத்துக்கொண்டு அவனும் போனான்.

பெனடிக்ட் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். சாத்தப்பன் அலசிக்கொண்டிருந்தான். நஸ்ரின் துடைத்துக்கொண்டிருந்தாள்.

களவாணியைப் புகழ்ந்தவர் கழுவ வேண்டும்.

மூன்று பேரும் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்குக் காது சுட்டது. அப்படியே வாசலைப் பார்த்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்கு அருகில் போனான்.

சாத்தப்பன் நகர்ந்து இடம் விட்டான்.

நஸ்ரின் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கம்பி மூடி போட்ட தேவாவின் பழுப்புப் பாட்டில். பாதிதான் இருந்தது.

“கழுவறது அப்புறம். இதக் குடி முதல்ல.”

மூடியை நெம்பினான். டப்பென்று நுரை பொங்கி மணிக்கட்டில் வழிந்தது.

முகரவில்லை. பாட்டிலோடு அப்படியே வாயில் வைத்தான்.

நாக்கில் சுருக்கென்று குத்தியது. அண்ணமெல்லாம் குத்தியது. மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“ஒரு கை கூடிப்போச்சுடா,” என்றான்.